ஆட்டஞ் சொல்பவரின் தராசு

மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழ்ந்துவரும் போர்த்துக்கேயப் பறங்கியரின் திருமண வீடுகளில் இரண்டு ஆட்டங்கள் மரபாக இடம்பெற்று வந்துள்ளன. ஒன்று கஃப்ரிஞ்ஞா. இலங்கையின் பைலா இசைக்கு ஊற்றுக்கண்களில் ஒன்றாக இருந்ததனால் அதன் தாளத்தை நம்மவரில் பலர் பெயர் தெரியாமலேனும் அறிவர். மற்றையது 'லான்சர்ஸ்'. போர்த்துக்கேய வழிவந்த சமூகமொன்றின் ஆட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் வாய்த்திருப்பது வியப்பாகத் தோன்றலாம். அது 'குவாட்ரில்' எனப்படும் ஐரோப்பியச் சோடி நடனக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1817ஆம் ஆண்டளவில் டப்ளின் நகரில் அறிமுகமாகி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் மாளிகைகளைப் பற்றிக்கொண்டு, பின்னர் பிரித்தானியக் கொடி பறந்த தேசங்கள் பலவற்றுக்கும் பரவிய ஆட்டம் அது.

அந்தக் குடும்பத்தின் மற்றொரு கிளை அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வட அமெரிக்காவில் வேரூன்றியது. அங்கே அந்த ஆட்டத்தோடு புதிய மனிதர் ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார். அவரை ஆங்கிலத்தில் 'கோலர்' என்பர். 'ஆட்டஞ் சொல்பவர்' என நாம் தமிழில் குறிப்பிடலாம். இசைக் கலைஞர்களுக்கு அருகில் நின்று, அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதைத் தாளம் பிசகாமல் ஆடுவோருக்கு உரத்துச் சொல்வது அவரது வேலை. வட்டமாகக் கைகோத்து இடப்புறம் செல்லுங்கள், எதிரே நிற்பவரை வலக்கையாற் பற்றிக் கடந்து போங்கள், உங்கள் சோடியோடு சுழலுங்கள் என்பன போன்ற சிறு சிறு சொற்கள்தான். பார்வைக்கு எளிய தொழில். ஆயினும் ஒவ்வோர் இரவும் அவர் முன்னால் கடினமான கேள்வி ஒன்று நிற்கிறது. மண்டபத்தில் கூடியிருப்போரில் சிலர் இருபது வருடங்களாக ஆடி வருபவர்கள். சிலர் அன்றுதான் முதன்முதலாக வாசற்படி மிதித்தவர்கள். தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொன்னால் முன்னவர் சலித்துப் போவர். புதியதையே அடுக்கிக்கொண்டு போனால் பின்னவர் மிரண்டு போவர். எத்தனை பங்கு பழையது, எத்தனை பங்கு புதியது?

இது ஒரு மண்டபத்துக்குரிய சில்லறைப் பிரச்சினை என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டு நடனங்கள் இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடைகளைக் கண்டன. ஒன்று இலட்சக்கணக்கானோரைக் கவர்ந்து வானளாவ உயர்ந்து, பின்னர் தன் கனத்தாலேயே தாழ்ந்தது. மற்றையது சிற்றூர் மண்டபங்களில் ஒடுங்கிக் கிடந்து, பின்னர் மெல்லத் தளிர்த்தது. மக்கட் கலைகள் எவ்வாறு வாழ்கின்றன, எவ்வாறு தேய்கின்றன என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

புதுமை மோகம் புதியதன்று

1651ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஜோன் பிளேஃபோர்ட் என்ற பதிப்பாளர் 'தி இங்கிலிஷ் டான்சிங் மாஸ்டர்' என்ற நூலை வெளியிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் உரிய மெட்டு, ஆடும் முறை ஆகியன அதிலே அடங்கியிருந்தன. அந்நூல் 1728 வரை மீண்டும் மீண்டும் விரிவாக்கப்பட்டுப் பதிப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு பதிப்பிலும் பழைய ஆட்டங்கள் சில கழிந்தன, புதியன புகுந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் இது ஒரு வியாபாரமாகவே வளர்ந்தது. 'இவ்வாண்டுக்குரிய இருபத்துநான்கு நாட்டுப்புற நடனங்கள்' என்ற வகையிலான சிறு நூல்களை இலண்டன் பதிப்பாளர்கள் வருடந்தோறும் வெளியிட்டனர். நாட்டார் கலை என்றாலே தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருவது என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே அங்கு பருவத்துக்கொரு புதிய ஆட்டம் கேட்கப்பட்டது என்பதே உண்மை.

ஆனால் அந்த ஆட்டங்களை ஆடுவதற்கு முன்கூட்டியே மனனஞ் செய்திருக்க வேண்டும். நடன ஆசிரியரை அமர்த்திக் கற்றுக்கொள்ளப் பணமும் வேண்டும், ஓய்வும் வேண்டும். ஆகவே புதுமை என்பது வசதி படைத்தோரின் ஆடம்பரமாக இருந்தது. இங்கிலாந்தில் இரு வரிசைகளாக எதிரெதிரே நின்று ஆடிய அந்த ஆட்டம் பிரான்சுக்குச் சென்று, நான்கு சோடிகள் சதுரமாக நின்று ஆடும் வடிவங்களாகவும் உருமாறியது. இரண்டு வடிவங்களும் அமெரிக்கா சென்றன. வடகிழக்கே நியூ இங்கிலாந்துப் பகுதி நீண்ட வரிசை ஆட்டத்தைப் பேணியது. அது 'கொன்ட்ரா' எனப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் சதுர ஆட்டம் மேலோங்கியது. அதுவே 'ஸ்குயர்' நடனம்.

குரல் வந்த வழி

ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் குரல் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் வெள்ளையரின் நடன விருந்துகளுக்குப் பிடில் வாசித்தவர்களிற் பெருந்தொகையினர் அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்கர்களும் அவர்களின் வழிவந்தோருமாவர். தலைவர் ஒருவர் சொல்ல, கூட்டம் அதற்கு எதிர்வினை காட்டும் முறை ஆபிரிக்க இசை மரபில் ஆழ வேரோடியது. வாசித்துக்கொண்டே ஆட்டத்தைச் சொல்லும் வழக்கத்தை உருவாக்கியவர்கள் இந்தக் கறுப்பின இசைஞர்களே என, பில் ஜேமிசன் என்ற ஆய்வாளர் 2015இல் வெளியான தமது நூலில் விரிவான ஆதாரங்களுடன் எடுத்துரைத்துள்ளார். வெள்ளைக் கிராமியக் கலையின் அடையாளமாகப் பிற்காலத்தில் விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு நடனத்தின் உயிர்நாடியான அம்சம், சங்கிலியிற் கட்டுண்டவர்களிடமிருந்து வந்தது என்பது வரலாற்றின் கொடிய முரண்களில் ஒன்று.

அந்தக் குரல் செய்த மாற்றம் பெரிது. நூறு பேரின் தலையில் இருக்கவேண்டிய ஞாபகம் ஒருவரின் தலைக்கு மாறியது. ஆடத் தெரியாதவரும் காது கேட்டால் ஆடலாம் என்ற நிலை பிறந்தது. நடன ஆசிரியருக்குப் பணங்கொடுக்க முடியாத உழவரும் கூலித் தொழிலாளரும் ஆடுகளத்துக்குள் நுழைந்தனர். அதே வேளை, சொல்பவர் நினைத்த மாத்திரத்தில் ஆட்டத்தின் ஒழுங்கை மாற்றவும் முடிந்தது. கதவைத் திறந்துவிட்ட அதே கருவிதான், பின்னொரு காலத்தில் அந்தக் கதவை மூடவும் பயன்பட்டது.

1917ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டார் கலைச் சேகரிப்பாளரான செசில் ஷார்ப், கென்டக்கி மலைப்பகுதியில் பைன் மவுண்டன் என்ற இடத்துப் பாடசாலையில் அத்தகைய ஆட்டம் ஒன்றைக் கண்டு பரவசமுற்றார். பிளேஃபோர்டுக்கும் முந்திய தூய ஆங்கில நடனமொன்று மலைகளுக்கிடையே பிழைத்திருக்கிறது என அவர் நம்பினார். தூய்மையைத் தேடி வந்தவர் கண்டது உண்மையில் ஒரு கலவையை. ஆங்கிலேயர், ஸ்கொட்லாந்தியர், ஐரிஷார், பிரெஞ்சுக்காரர், ஆபிரிக்கர் என எல்லோரும் சேர்த்துச் சமைத்த ஆட்டம் அது என்பதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின. அன்று பழமை எனப் போற்றப்பட்டதும் ஒரு காலத்துப் புதுமையே.

மோட்டார் அதிபரும் பாடசாலை அதிபரும்

1920களில் ஜாஸ் இசையும் புதிய நகர நடனங்களும் இளைஞரை ஈர்த்தபோது பழைய ஆட்டங்கள் வழக்கொழியும் நிலையை அடைந்தன. அவற்றைக் காப்பாற்றப் புறப்பட்டவர் மோட்டார் வாகன உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்ட். பெஞ்சமின் லொவெட் என்ற நடன ஆசிரியரை மிச்சிகன் மாநிலத்துக்கு அழைத்துவந்து, பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்பித்து, 1926இல் 'குட் மோர்னிங்' என்ற கைநூலையும் வெளியிட்டார். அவரது முயற்சிக்குப் பின்னால் நல்லெண்ணம் மாத்திரம் இருக்கவில்லை. ஜாஸ் இசையை யூதர்களின் சதி எனத் தூற்றிய பத்திரிகை அவருடையது. பழக்கமானதைப் பேணுதல் என்பது, வேண்டாதவரை வெளியே நிறுத்தும் உபாயமாகவும் மாறக்கூடும் என்பதற்கு ஃபோர்ட் ஓர் எச்சரிக்கை.

வேறு வகையான மனிதர் லொய்ட் ஷோ. கொலராடோ மாநிலத்தில் செயன் மவுண்டன் பாடசாலையின் பொறுப்பாளராக இருந்தவர். மேற்குப் பிராந்தியத்தில் மறைந்துகொண்டிருந்த சதுர ஆட்டங்களை முதியவர்களிடம் கேட்டுத் திரட்டி, 1939இல் 'கௌபோய் டான்சஸ்' என்ற நூலாக்கினார். அவரது மாணவர் குழு நாடெங்கும் சென்று ஆடிக் காட்டியது. ஆட்டஞ் சொல்வோருக்கென அவர் நடத்திய கோடைகால வகுப்புகளிலிருந்து ஒரு தலைமுறையே புறப்பட்டது. இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்து வீடு திரும்பியவர்கள் அயலாரோடு கூடிமகிழ வழி தேடிய காலம் அது. ஒலிபெருக்கி வந்துவிட்டது, ஒரு குரல் ஆயிரம் பேருக்குக் கேட்டது. இசைத்தட்டு வந்துவிட்டது, பிடில் வாசிப்பவர் இல்லாத ஊரிலும் ஆடலாம். 1948இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் பொப் ஓஸ்குட் 'செட்ஸ் இன் ஓர்டர்' என்ற சஞ்சிகையை ஆரம்பித்தார். 1950 ஜூலையில் சான்டா மொனிக்கா நகரின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவில் ஏறத்தாழ 15,000 பேர் வீதியில் இறங்கிச் சதுர நடனம் ஆடியதாகப் பதிவாகியுள்ளது. 1952இல் முதலாவது தேசிய மாநாடு நடந்தது.

சொற்கள் பெருகின, ஆட்கள் குறைந்தனர்

வாரந்தோறும் ஆட வருபவர்கள் விரைவில் தேர்ச்சி பெற்றுவிட்டனர். அடுத்த சொல் என்னவாக இருக்கும் என ஊகிக்க முடியாதிருப்பதே அவர்களுக்குச் சுவையாயிற்று. அந்தச் சுவைக்குத் தீனி போட, சொல்பவர்கள் புதிய புதிய கட்டளைகளைக் கண்டுபிடிக்கத் தொடங்கினர். பழைய ஆட்டத்தில் இருந்தவை வட்டம், நட்சத்திரம், சுழற்சி, கைமாற்று போன்ற சில கோலங்கள். சொல்லைக் கேட்டாலே செயல் ஓரளவு விளங்கும். புதியவற்றுக்கோ 'ஸ்பின் செயின் த கியர்ஸ்', 'ரிலே த டியூசி', 'லோட் த போட்' என்றெல்லாம் பெயர்கள். இவற்றைக் கேட்டு எவரும் ஊகித்து ஆடிவிட முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்க வேண்டும். சஞ்சிகைகளின் வாயிலாக அவை மாதந்தோறும் வந்து குவிந்தன, காலப்போக்கில் ஆயிரக்கணக்காயின. ஓர் ஊரில் ஆடத் தெரிந்தவர் அடுத்த ஊரில் தெரியாதவரானார்.

இந்த வெள்ளத்துக்கு அணைகட்டும் நோக்கத்துடன் 1974இல் 'கோலர்லாப்' என்ற தொழில்முறை அமைப்பின் முதல் மாநாடு சென் லூயிஸ் நகரில் கூடியது. கட்டளைகள் தரப்படுத்தப்பட்டன, படிநிலைகளாக வகுக்கப்பட்டன. 'மெயின்ஸ்ட்ரீம்' என்ற நிலைக்குச் சுமார் 70 கட்டளைகள். அதற்கு மேல் 'பிளஸ்' என்ற நிலைக்கு மேலும் சுமார் 30. அதற்கும் மேலே உயர்நிலைகள், அறைகூவல் நிலைகள். இதனால் விளைந்த நன்மையை மறுத்தல் நியாயமாகாது. ஜப்பானிலோ ஜேர்மனியிலோ கற்றவர் எந்த நாட்டு மண்டபத்திலும் நுழைந்து ஆடலாம் என்ற நிலை இந்தத் தரப்படுத்தலால் வந்தது. ஆயினும் வாசலில் ஒரு படிக்கட்டு முளைத்துவிட்டது. அண்டை வீட்டார் கூட்டிவந்த புதியவர், முதலில் பல மாதங்கள் வாராந்த வகுப்புக்குச் சென்று பயின்று தேற வேண்டும். அதற்குப் பின்னர்தான் சங்கத்தின் ஆட்டத்தில் இடம். அதற்கென்று தனி உடை வேறு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அந்த நடனத்தின் உள்ளமைப்பிலேயே தராசு ஒன்று இருந்தது. ஒரு சுற்று என்பது வழக்கமாக இரண்டு பாகங்களைக் கொண்டது. முதற் பாகத்தில் சொல்பவர் எதிர்பாராத ஒழுங்கில் கட்டளைகளை வீசுவார். இரண்டாம் பாகத்தில் எல்லோரும் அறிந்த பாடலொன்றைப் பாடியபடி, திரும்பத் திரும்ப வரும் கோலத்தைச் சொல்லுவார். வியப்பு முதலில், ஆறுதல் பின்னர். இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு இருந்தும் நடனம் தேய்ந்தது ஏன்? தராசு ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்காக மாத்திரம் தூக்கப்பட்டது. வெளியே நிற்பவர் எந்தத் தட்டிலும் வைக்கப்படவில்லை.

1976இல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த தேசிய மாநாட்டுக்கு ஏறத்தாழ 40,000 பேர் வந்தனர். அதுவே உச்சம். 1982இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றி, ஜனாதிபதி ரீகன் கையொப்பமிட்ட தீர்மானமொன்று, 1982, 1983 ஆகிய ஆண்டுகளுக்குச் சதுர நடனத்தை நாட்டின் தேசிய நாட்டார் நடனமாக அறிவித்தது. அதனை நிரந்தரமாக்கும் முயற்சிகள் கைகூடவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதனைத் தத்தம் மாநில நடனமாக ஏற்றுக்கொண்டன. சட்டப் புத்தகத்தில் இடம் பெருகிய அதே காலத்தில் மண்டபத்தில் ஆள் குறைந்தது. இந்த நூற்றாண்டின் தேசிய மாநாடுகளுக்கு வருவோர் சில ஆயிரம் பேராகச் சுருங்கினர். கோலர்லாப்பின் முதல் தலைவராக இருந்த ஜிம் மேயோ, 2003இல் தாம் எழுதிய வரலாற்று நூலில் இந்த வளர்ச்சியையும் தேய்வையும் படிப்படியாகப் பதிவுசெய்துள்ளார். அண்மைய ஆண்டுகளில் அந்த அமைப்பே சுமார் 50 கட்டளைகளுடன் குறுகிய காலத்தில் கற்றுமுடிக்கக்கூடிய புதிய பாடத்திட்டமொன்றை வகுத்திருப்பது, நோயின் மூலம் எது என்பதை ஒப்புக்கொண்டதற்குச் சமம்.

நியூ ஹம்ஷயரின் விடை

வரிசை ஆட்டமான கொன்ட்ராவின் கதை வேறு. 1930களில் அது நியூ ஹம்ஷயர், வெர்மொண்ட் போன்ற மாநிலங்களின் சிற்றூர் மண்டபங்களில் எஞ்சியிருந்தது. அதனைக் கைவிடாது காத்தவர் ரால்ஃப் பேஜ் (1903–1985). ஆட்டஞ் சொல்பவர், எழுத்தாளர், 'நோர்தர்ன் ஜங்கெட்' என்ற சஞ்சிகையை 1949 முதல் 1984 வரை விடாது நடத்தியவர். அக்காலத்தில் ஓர் ஊரில் ஆடப்பட்ட ஆட்டங்கள் கைவிரல் விட்டு எண்ணத்தக்கவை. 'கோரஸ் ஜிக்', 'மணி மஸ்க்', 'ஹல்ஸ் விக்டரி', 'பெட்ரொனெல்லா' என ஒவ்வொன்றுக்கும் தனக்கேயுரிய மெட்டு உண்டு. பிடில் முதல் இழுப்பு இழுத்ததுமே கால்கள் எழுந்துவிடும்.

1960களின் பிற்பகுதியில் நகரங்களை வெறுத்துக் கிராமங்களை நாடிய இளைஞர் கூட்டம் இந்த மண்டபங்களுக்குள் நுழைந்தது. டட்லி லோஃப்மன் என்ற சொல்பவரும் அவரது இசைக்குழுவினரும் அவர்களை வரவேற்றனர். வந்தவர்கள் எண்ணிக்கையிலும் உற்சாகத்திலும் பெருகியபோது, சதுர நடனக்காரர் எதிர்கொண்ட அதே பசி இங்கும் தோன்றியது. புதியது வேண்டும். பொஸ்டன் நகரின் டெட் சனெல்லா போன்றோர் புதிய ஆட்டங்களை இயற்றினர். 1982இல் அவரது 'பலன்ஸ் அண்ட் ஸ்விங்', 1983இல் லாரி ஜென்னிங்ஸின் 'செஸ்டி கொன்ட்ராஸ்' ஆகிய தொகுப்புகள் வெளிவந்தன. அதன்பின் இயற்றப்பட்டவை ஆயிரக்கணக்கானவை.

புதியன இவ்வளவு வந்தும் கதவு மூடப்படாமல் இருந்தது எவ்வாறு? கொன்ட்ராக்காரர் சொற்களைப் பெருக்கவில்லை. சொற்களின் ஒழுங்கையே மாற்றினர். அடிப்படைக் கோலங்கள் சுமார் இருபது. புதிய ஆட்டம் என்றால் அந்த இருபதிலிருந்து ஏழெட்டை எடுத்துப் புதிய வரிசையில் கோப்பதுதான். மெட்டின் நீளம் மாறாது. 64 எட்டுக்கள், அவை பதினாறு பதினாறாக நான்கு பகுதிகள். அரை நிமிடத்தளவில் ஒரு சுற்று முடிந்துவிடும். சுற்று முடியும்போது ஒவ்வொரு சோடியும் வரிசையில் ஓரிடம் நகர்ந்து, அடுத்த சோடியைச் சந்திக்கும். ஆட்டம் அதேதான், எதிரே நிற்கும் முகம் புதியது. பத்து நிமிடத்தில் மண்டபத்திலுள்ள பெரும்பாலானோரின் கையைப் பற்றியாயிற்று. புதுமையின் பெரும்பகுதி அயலாரிடமிருந்தே வந்துவிடுவதால், சொல்பவர் தம் சரக்கையெல்லாம் கொட்ட வேண்டியதில்லை.

பத்திரிகைத் தொழிலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் இது எனக்கு நன்கு விளங்குகிறது. வாசகர் ஒவ்வொரு காலையிலும் புதிய செய்தியை எதிர்பார்க்கிறார். ஆனால் ஆசிரியர் தலையங்கமும் மரண அறிவித்தலும் வழக்கமான பக்கத்தில் இல்லாவிட்டால் கோபங்கொண்டு கடிதம் எழுதுகிறார். செய்தி புதியதாகவும், அதைத் தாங்கும் சட்டகம் பழகியதாகவும் இருக்கும் வரையில் அவர் நம்மோடு இருப்பார். ஒவ்வொரு நாளும் சட்டகத்தையே மாற்றினால் அடுத்த வாரம் வேறு பத்திரிகை வாங்குவார்.

ஓர் இரவின் ஏற்பாடு

தேர்ந்த சொல்பவரின் திறமை, அவர் ஆட்டங்களை வரிசைப்படுத்தும் விதத்தில் தெரியும். மூன்று மணிநேர நிகழ்ச்சியில் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களுக்கே இடமுண்டு. முதல் ஆட்டம் எவரும் தவற முடியாத எளிமையானது. புதியவர்கள் இருவர் சோடி சேர்ந்து தடுமாறாதவாறு, அனுபவசாலி ஒருவரோடு அவர்களைச் சேர்த்துவிடுவது மரபு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னர் இசையின்றி ஒருமுறை நடத்திக் காட்டப்படும். அரிதான கோலமொன்றை அறிமுகப்படுத்துவதாயின், ஏனைய கோலங்கள் எல்லாம் பழகியவையாக உள்ள ஆட்டத்திலே அதனை வைப்பார். அடுத்த ஆட்டத்தில் அதே கோலம் வேறு இடத்தில் மீண்டும் வரும். முதன்முறை புதியதாக இருந்தது இரண்டாம் முறை பழையதாகிவிடும். கடினமானவை இரவின் நடுப்பகுதிக்கு உரியவை. கால்கள் களைத்த பின்னர் மீண்டும் எளியவை.

சொல்லும் முறையிலும் இதே கணக்கு உண்டு. கோலம் ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னரே சொல் முடிந்துவிட வேண்டும். கால் எழும் நேரத்தில் காதுக்கு வேலை இருத்தலாகாது. முதற் சில சுற்றுக்களில் முழு வாக்கியம். பின்னர் ஒற்றைச் சொல். பின்னர் மௌனம். ஆட்டம் ஆடுவோருக்கே உரியதாகிவிட்ட அந்த மௌனமே சொல்பவரின் வெற்றி. சதுர நடனத்தில் அவர் ஒருபோதும் மௌனமாக முடியாது. அவர் நிறுத்தினால் ஆட்டமும் நின்றுவிடும். இரண்டு மரபுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

புதுமை எப்போதும் மேடையிலிருந்துதான் வரவேண்டும் என்பதுமில்லை. 'பெட்ரொனெல்லா'வில் முன்னர் ஒரு சோடி மாத்திரம் சுழன்று இடம்மாற, மற்றச் சோடி சும்மா நிற்கும். 1970களில், சும்மா நின்றவர்கள் யாரையும் கேட்காமலே தாமும் சேர்ந்து சுழலத் தொடங்கினர். நடுவே இரண்டு கைதட்டல்களையும் சேர்த்துக்கொண்டனர். எந்தக் குழுவும் கூடித் தீர்மானிக்கவில்லை. இன்று நால்வரும் சேர்ந்து செய்யும் அந்தச் சுழற்சி எத்தனையோ புதிய ஆட்டங்களில் ஓர் அடிப்படைக் கோலமாக இடம்பெறுகிறது.

இழந்தவையும் உண்டு

கொன்ட்ராவின் விடை இழப்பற்றதாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். எவரும் ஒரு கணமும் சும்மா நிற்கக்கூடாது என்ற விருப்பம் வளர்ந்தபோது, முதற் சோடிக்கு மாத்திரம் வேலை தந்த பழைய ஆட்டங்கள் ஓரங்கட்டப்பட்டன. மெட்டுக்கும் ஆட்டத்துக்கும் இருந்த திருமண பந்தம் அறுந்தது. ஓரிரவு சொல்லப்பட்ட ஆட்டம் மறுபடி எப்போது வரும் என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே எந்த ஆட்டத்தையும் நெஞ்சில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்றாயிற்று. சொல்பவர் மீதான தங்கியிருத்தல் கூடிற்று. இதனை உணர்ந்தோர் பழைய ஆட்டங்களுக்காகவே தனி வார இறுதிகளை ஒழுங்குசெய்தனர். டேவிட் ஸ்மக்ளர், டேவிட் மில்ஸ்டோன் ஆகியோர் 2008இல் அவ்வாட்டங்களின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினர். கொன்ட்ராவின் மறுமலர்ச்சிக்கு வித்திட்ட லோஃப்மனோ, பிற்காலத்தில் அந்த ஆட்டம் தேர்ந்தவர்களின் விளையாட்டாகிவிட்டது என்று கருதி விலகி, குடும்பங்களும் பிள்ளைகளும் கூடும் மிக எளிய ஆட்டங்களுக்கே திரும்பினார். 2009இல் அவருக்குத் தேசிய மரபுரிமைக் கலைஞர் விருது வழங்கப்பட்டது.

மறுபுறம், மாறவேண்டிய இடத்தில் மாறத் துணிந்ததையும் குறிப்பிட வேண்டும். நூற்றாண்டுகளாக ஆண், பெண் என வழங்கிய ஆட்டப் பாத்திரங்கள், 2010களிலிருந்து பல இடங்களில் 'லார்க்', 'ரொபின்' என்ற பறவைப் பெயர்களைப் பெற்றன. இடப்புறம், வலப்புறம் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களோடு அவை பொருந்துகின்றன. யாரும் யாரோடும், எந்தப் பாத்திரத்திலும் ஆடலாம் என்பதற்கான ஏற்பாடு அது. நாடோடி ரோமா மக்களைக் குறிக்கும் பழைய சொல்லால் அழைக்கப்பட்ட கோலமொன்றின் பெயரும், அம்மக்களுக்கு இழிவாகலாம் எனக் கருதிப் பல இடங்களில் மாற்றப்பட்டது. விவாதங்கள் கடுமையாகவே நடந்தன. ஆயினும் பெயர்கள் மாறினவேயன்றிக் கால்களின் வழி மாறவில்லை. நேற்று ஆடியவர் இன்றும் ஆடலாம். நேற்றுத் தயங்கி நின்றவரும் இன்று உள்ளே வரலாம். புதுமையை அளப்பதற்கு இது நல்லதோர் அளவுகோல். அது வாசலை அகலமாக்குகிறதா, ஒடுக்குகிறதா?

கைகோத்தலே உயிரான இந்த நடனங்கள் 2020இல் கொவிட் பெருந்தொற்றினால் உலகெங்கும் நின்றுபோயின. மீண்டும் மண்டபங்கள் திறந்தபோது பழையவர்கள் பலர் திரும்பி வரவில்லை. புதியவர்களை முதல் இரவிலேயே ஆடவைக்கக்கூடிய மரபுக்கு அந்த வேளையில் கையில் மருந்து இருந்தது. மாதக்கணக்கில் பயிற்றுவிக்க வேண்டிய மரபுக்கு அது எளிதாக இருக்கவில்லை.

நம்மவர் கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் இதில் நேரடிப் பாடம் உண்டென நான் வலிந்து சொல்லப்போவதில்லை. ஆயினும் புலம்பெயர்ந்த நாடுகளில் நம் பிள்ளைகளுக்கு ஆடல்களைக் கற்பிப்போர், மேடையில் ஆடுவதற்கான ஆட்டம் வேறு, வட்டத்தில் சேர்வதற்கான ஆட்டம் வேறு என்பதை ஒரு கணம் எண்ணிப்பார்ப்பது நன்று. முன்னதில் புதுமைக்கு எல்லை இல்லை. பார்ப்போர் இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள். பின்னதில் பார்ப்போரே ஆடுவோர். அங்கு ஒவ்வொரு புதிய அடியும் யாரோ ஒருவரை வட்டத்துக்கு வெளியே நிறுத்தக்கூடும்.

சதுர நடனத்தைச் சிறுத்துப்போகச் செய்தவர்கள் அதனை வெறுத்தவர்களல்லர். அளவுகடந்து நேசித்து, மேலும் மேலும் அழகுபடுத்த விரும்பியவர்களே. தேர்ந்தவர்களின் கைதட்டல் பெரிதாகக் கேட்கும். வாசல்வரை வந்து திரும்பிப் போனவரின் காலடியோசை எவர் காதிலும் விழுவதில்லை. அந்த ஓசையைக் கேட்கப் பழகிய காதுதான் ஆட்டஞ் சொல்பவருக்குக் குரலைவிட முக்கியமானது.